பின்விளக்கின் இருட்டு

காரில் உள்ள விளக்குகளுள், ஓட்டுபவர் கண்ணுக்குப் படாமலே எரிவது பின்விளக்கு. அது அணைந்துபோன செய்தியைப் பின்னால் வருபவர்தாம் முதலில் அறிவர். சில வேளைகளில் மோதிய பின்னரே அறிவர்.

ஃபோர்டின் 'டி' மாடல் கார் 1908இல் வெளிவந்தபோது அதன் பின்விளக்கு மண்ணெண்ணெயில் எரிந்தது. 1915இல் முன்விளக்குகள் மின்சாரத்துக்கு மாறின. பின்விளக்கோ திரியை விடவில்லை. இதைப் பத்தாம்பசலித்தனம் என்று சிரித்துவிட வேண்டா. முன்விளக்குகளுக்கு மின்சாரம் தந்தது எஞ்சினோடு சுழன்ற மாக்னெட்டோ. எஞ்சின் மெதுவானால் ஒளி மங்கும். மிக விரைந்தால் பல்பு கருகும். எஞ்சின் நின்ற பின்னும் எரிந்தவை மண்ணெண்ணெய் விளக்குகளே.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜோசப் லூகாஸ் மண்ணெண்ணெய் விற்றுத் தொழில் தொடங்கியவர். அவருடைய மிதிவண்டி விளக்கின் பெயர் 'சாலையின் அரசன்'. பின்னாளில் பிரிட்டிஷ் கார்களுள் பெரும்பாலானவற்றுக்கு அவர் நிறுவனமே மின்கருவிகளை வழங்கியது. நம் அம்பாசிடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் அவற்றுள் ஒன்று. விளக்கணைந்து வழியில் நின்றவர்கள் லூகாசுக்குச் சூட்டிய பட்டம் 'இருளின் இளவரசன்'. அரசன் இளவரசனாகப் பதவி இறங்கிய விந்தை வேறெங்கும் உண்டோ!

பட்டம் முழுதும் நியாயமன்று. பழியில் பெரும்பங்கு துருவுக்கு உரியது. பல்புக்குச் செல்வது ஒரே ஒயர். திரும்பும் வழி, காரின் இரும்புடல். ஹோல்டர் உடலைத் தொடும் இடத்தில் துரு ஏறினால் அவ்வழி அடைபடும். இதையே மெக்கானிக்குகள் 'எர்த் இல்லை' என்பர்.

இரட்டை இழை பல்பில் இதனால் ஒரு விபரீதம் நேர்கிறது. ஓர் இழை இரவு விளக்குக்கு, மற்றது பிரேக்குக்கு. எர்த் அறுந்ததும், இரவு விளக்கின் மின்சாரம் பிரேக் இழை வழியே புகுந்து, மறுபக்க விளக்கின் மூலம் உடலைச் சேர்கிறது. விளக்கு ஏறக்குறைய ஒழுங்காகவே எரியும். பிரேக்கை மிதித்தவுடன் இரு இழைகளிலும் ஒரே அழுத்தம்; மின்சாரம் போக வழியின்றி விளக்கு அணைந்துவிடும். பளிச்சிட வேண்டிய நொடியில் இருட்டு!

வழியில் செய்யத்தக்க தற்காலிகப் பரிகாரம் எளியது. ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்து, அதன் உடலிலிருந்து ஒரு துண்டு ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய போல்ட்டு ஒன்றில் முறுக்கிவிட்டால் வீடு வரை தாங்கும். சிவப்புக் கண்ணாடி உடைந்திருந்தால் சிவப்பு ஜிகினாத்தாளை ஒட்டுவதும் உண்டு. பல்பின் சூட்டில் அது அதிக நேரம் நில்லாது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைப் பியூஸில் சுற்றுவதை மட்டும் நான் பரிகாரம் என ஒப்பேன். பருத்தி நூல் பின்னிய அக்காலத்து ஒயர், பியூஸ் எரிவதற்குப் பதிலாகத் தான் எரிந்துவிடும்.

ஒயரை முறுக்கியபின் விளக்கை எரியவிட்டுப் பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும். பின்னால் நின்று சொல்ல ஆளில்லையெனில், வண்டியைச் சுவரையொட்டிப் பின்னோக்கி நிறுத்தினால் போதும். சுவரில் விழும் சிவப்பு, கண்ணாடியில் தெரியும்.