ஈசிஜி நார்மல்தான்... இதயத் தசையும் நார்மலா?

மூணாறு, வண்டிப்பெரியாறு, கொழிஞ்சாம்பாறை என்று எல்லைப் பக்கம் இருக்கும் அப்பாவுக்குப் பல வருஷமா பிபி. முகாமில் ஈசிஜி எடுத்து "நார்மல்"னு சொல்லிட்டாங்க. வெளியூரில் வேலை பார்க்கும் நீங்கள் அத்தோடு நிம்மதியாகிவிடலாமா? கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

இதயத் தசை ஏன் தடிக்கிறது?

உடல் முழுக்க ரத்தத்தை அனுப்புவது இதயத்தின் இடது கீழறை. பிபி அதிகமானால் அது கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டும். வருஷக்கணக்கில் இப்படி உழைத்தால் அதன் சுவர் தடித்து விறைக்கும். இதயச் செயலிழப்பு, சீரற்ற துடிப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். ஆரம்பத்தில் அறிகுறியே இருக்காது. பிறகு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுவோம்.

ஈசிஜி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தசை தடித்தால் மின் அலையின் உயரம் கூடும். 1949-ல் வந்த சோகோலோவ்-லயன் கணக்குப்படி, வி1-ன் எஸ் அலையையும் வி5 அல்லது வி6-ன் ஆர் அலையையும் கூட்டி 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால் சந்தேகம்.

எங்கே கோட்டை விடுகிறது?

உடல் கொழுப்பு அதிகமிருந்தால் அலை சிறிதாகத் தெரியும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில் (1990), எக்கோவில் தடிப்பு உறுதியான 100 பேரில் சுமார் 7 பேரைத்தான் ஈசிஜி பிடித்தது. ஆனால் தடிப்பு இல்லாதவர்களில் கிட்டத்தட்ட 99 சதவீதம் பேருக்குச் சரியாகவே "இல்லை" என்றது. ஒல்லியான இளைஞர்களுக்கு மட்டும் இதயம் நன்றாக இருந்தாலும் அலை உயரமாக வரலாம். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி இருந்தால் பதற வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்போ என்ன செய்யணும்?

தடிப்பை உறுதி செய்ய எக்கோ வேண்டும். அதற்காகக் குமுளியிலிருந்து தேனிக்கோ, வாளையாரிலிருந்து கோவைக்கோ போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் எல்லோரும் ஓட வேண்டியதில்லை. பல வருஷமாக பிபி கட்டுக்குள் இல்லாதவர்கள், மூச்சு வாங்குபவர்கள், கால் வீங்குபவர்கள், ஈசிஜியில் சந்தேகம் வந்தவர்கள் டாக்டரிடம் எக்கோ பற்றிக் கேளுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் நீங்களும் கேளுங்கள்; 500 பேரில் ஒருவருக்குப் பரம்பரைத் தசைத் தடிப்பு இருக்கலாம்.

பிபியைக் கட்டுக்குள் வைத்தால் தடிப்பு குறையவும் வாய்ப்புண்டு. இன்றைக்கு வீட்டுக்கு போன் பண்ணும்போது, "ஈசிஜி என்னாச்சு?" என்பதோடு "பிபி எவ்வளவு? மாத்திரை போட்டீங்களா?" என்றும் கேளுங்கள்.