வில்லியம் டன்பார் – ஸ்காட்லாந்தின் அவைப்புலவர்

வில்லியம் டன்பார், ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்சின் (ஆட்சிக்காலம் 1488–1513) அவைப்புலவர். ஏறத்தாழ 1460இல் பிறந்தவர் என்பர். அவரது வாழ்க்கையை அறிய உதவுபவை பெரும்பாலும் அரசவைக் கணக்கேடுகளே.

1500இல் அவருக்கு ஆண்டுக்கு 10 பவுன் உதவித்தொகை வழங்கப்பட்டது. 1507இல் அது 20 ஆகவும், 1510இல் 80 ஆகவும் உயர்ந்தது. வருமானமுள்ள திருச்சபைப் பதவி ஒன்று கிடைக்கும்வரை என்பதே ஏற்பாடு. 1504இல் அவர் குருவாக முதல் திருப்பலி நிறைவேற்றியபோது மன்னர் காணிக்கை அளித்தார். ஆயினும் அவர் எதிர்பார்த்த பதவி வந்ததாகச் சான்றில்லை.

அதனால் அவர் பரிசில் கேட்டுப் பாடிய பாடல்கள் பல. ஒன்றில் தம்மையே கிழக் குதிரையாக்கி, பண்டிகைக்குப் புத்தாடை கேட்கிறார். அதன் முடிவில் மன்னரின் மறுமொழியாகச் சில அடிகள் உள்ளன. அவற்றையும் டன்பாரே எழுதியிருக்கலாம். கேட்பவரே விடையையும் எழுதிக் கொடுப்பது அவருடைய குறும்புக்கு ஒத்துப்போகிறது.

1503இல் மன்னர் இங்கிலாந்து இளவரசி மார்கரெட் டியூடரை மணந்தபோது, ஸ்காட்லாந்தின் முட்செடியையும் இங்கிலாந்தின் ரோஜாவையும் இணைத்து வாழ்த்துப் பாடியவரும் இவரே. ஆனால் அவரது சொல்வன்மை முழுவதும் வெளிப்படுவது வால்டர் கென்னடியுடன் நடத்திய வசைப்போட்டிப் பாடலில்தான். தாழ்நிலப் பகுதியின் ஸ்காட்ஸ் மொழியில் எழுதிய டன்பார், அதை ‘இங்கிலிஸ்’ என்றே அழைத்தார். கென்னடியோ கேலிக் மொழி வழங்கிய கேரிக் பகுதியினர். அந்த மொழியை டன்பார் இழித்துரைக்க, நாட்டின் உண்மையான மொழி அதுவே என்று கென்னடி திருப்பியடித்தார். வசைச் சொற்களுக்குக் குறைவில்லை, வகுப்பறையில் படிக்கத்தக்கதன்று!

ஸ்காட்லாந்தின் முதல் அச்சகத்தை எடின்பரோவில் நிறுவிய செப்மனும் மில்லரும் 1508 அளவில் டன்பாரின் சில பாடல்களை அச்சிட்டனர். மறைந்த புலவர்களுக்கான இரங்கற்பா அவற்றுள் ஒன்று. மரண அச்சத்தைச் சொல்லும் ஒரே லத்தீன் அடி ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் மீண்டும் மீண்டும் வருகிறது. சாசர் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட புலவர்களைப் பெயர் சொல்லி அழுகிறார். அவர்களில் சிலருடைய பாடல் ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை. பெயர் மட்டும் இங்கே நிற்கிறது. பட்டியலின் இறுதியில், சாகும் தறுவாயில் கிடக்கும் கென்னடி வருகிறார். முன்பு வசைபாடிய அதே மனிதருக்காக இங்கே டன்பார் வருந்துகிறார். அடுத்த முறை தமக்குத்தான் என்றும் சொல்கிறார்.

1513 செப்டம்பர் 9 அன்று ஃபிளாடன் போர்க்களத்தில் மன்னர் மாண்டார். டன்பாருக்குத் தொகை கொடுத்ததாக உள்ள கடைசிப் பதிவு அவ்வாண்டு மே மாதத்தது.