முஸாபிருக்கு ஓர் இரவு

என் தங்கையின் மகன் கல் வியாபாரி. இரத்தினபுரியிலும் பேருவளையிலும் உள்ள நம்மவர் பலரைப் போல அவனும் ஆபிரிக்காவுக்குப் போய்க் கல் வாங்கி வருகிறவன். மடகாஸ்கர், தன்சானியா என்று போய் வந்தவன் சென்ற ஆண்டு மேற்காபிரிக்காவுக்கு ஆயத்தமானான். கடலோரச் சிற்றூர் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு அறைகளே கொண்ட சிறிய ஹோட்டல் ஒன்றைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு கொப்பியில் செலவுக் கணக்கு எழுதினான். அறை வாடகை, நுளம்பு வலை, தண்ணீர்ப் போத்தல், மலேரியா மாத்திரை, மஞ்சட் காய்ச்சல் ஊசி போட்டதற்கான அட்டை. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டருக்குத் தனிக் காசு வாங்குவார்களா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"மாமா, மலிவான எடம் எண்டா ரெண்டு கேள்விதான். கதவு பூட்டலாமா? தண்ணி வருமா?" என்றான்.

மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு என்று எனக்குப் பட்டது. அதை அப்போது சொல்லத் தெரியவில்லை. அவன் போன பிறகு இப்னு பதூதாவின் பயண நூலை எடுத்துப் புரட்டினேன். அவன் போகும் திசையையும் நான் இருக்கும் மண்ணையும் ஒரே வாழ்நாளில் கண்டவர் அவர். 1344இல் இலங்கைக்கு வந்தார். எட்டாண்டு கழித்து, 1352இல், சஹாராவைக் கடந்து மாலிக்குப் போனார்.

மாலியில் அவருக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அவருக்குப் பிடிக்கவில்லை. மன்னர் மன்ஸா சுலைமானிடமிருந்து விருந்துப் பொருள் வருகிறது என்றதும் ஆடையும் பணமும் வரும் என்று காத்திருந்தார். வந்தவை மூன்று ரொட்டிகள், பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, சுரைக்குடுவையில் தயிர். சிரித்துவிட்டார். ஆனால் அதே நாட்டைப் பற்றி வேறொன்றும் எழுதி வைத்தார். அங்கே வழிப்போக்கன் உணவோ பொன்னோ வெள்ளியோ சுமக்க வேண்டியதில்லை. உப்புத் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் கொஞ்சம் வாசனைப் பொருளும் இருந்தால் போதும். ஊரை அடைந்ததும் பெண்கள் தானியமும் பாலும் கோழியும் கொண்டு வருவார்கள். மருமகனின் கொப்பியும் அந்த உப்பு மூட்டையும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

நமது கட்டுரையாளர்கள் இப்னு பதூதாவைத் தொட்டால், "அன்றே நாம் இங்கே இருந்தோம்" என்று நிறுவுவதற்கே தொடுவார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். இம்முறை அவரை வேறு கேள்வியோடு வாசித்தேன். காசில்லாத பயணி சப்ரகமுவ மலைகளில் எங்கே படுத்தான்? அவனுக்குக் கதவு திறந்தவர் யார்?

இந்தக் கேள்விக்கு இப்னு பதூதாவுக்கும் முந்திய விடை இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகு, பாதமலைக்குப் போகும் யாத்திரிகருக்கு உணவளிப்பதற்காக கிலிமலை என்ற ஊரை மானியமாக விட்டான் எனச் சூளவம்சம் கூறும். வழிகளில் தங்குமிடங்களும் தர்மசாலைகளும் அமைத்தான் என்றும் கூறும். கிலிமலை இன்றும் இரத்தினபுரி மாவட்டத்தில், பலாபத்தல வழியாக மலையேறும் பாதையில் இருக்கிறது. நாம் பாவாதமலை என்கிறோம், இந்துக்கள் சிவனொளிபாதம் என்கிறார்கள், சிங்களவர் ஸ்ரீபாத என்கிறார்கள். 2243 மீற்றர் உயரமுள்ள அந்த மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறுவதே இன்று பெரும்பாலோர் வழக்கம். இரத்தினபுரிப் பாதை நீளமானது, கடினமானது, பழைமையானது. ஒரு முழு ஊரின் விளைச்சலே பயணியின் சோற்றுக்கென்று ஒதுக்கப்பட்ட மண் இது.

இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கினார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, ஆதமின் பாதத்தைக் காண வேண்டும் என்பதே தன் விருப்பம் என்றார். மன்னன் பல்லக்குக் கொடுத்து நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரைத் துணைக்கு அனுப்பினான். யாழ்ப்பாணத் தமிழ் மன்னனின் செலவில், யோகிகளும் பிராமணரும் வழிகாட்ட, ஒரு மொரோக்கோ முஸ்லிம் சிங்கள நாட்டு மலைக்குப் போகிறார். இதற்கு அந்த நூலில் எந்த வியப்பும் இல்லை. வியப்பு நமக்குத்தான்.

வழியில் குனாகார் என்ற தலைநகர் வருகிறது. அது குருநாகல் என்பாரும் கம்பளை என்பாரும் இரத்தினபுரி என்பாரும் உண்டு. நகருக்கு வெளியே ஷெய்கு உத்மான் அல்-ஷீராஸியின் பள்ளி இருந்தது. பாதத்துக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். பசுவொன்றை அறுத்தமைக்காக அவருடைய கையும் காலும் வெட்டப்பட்டன. அந்த நாட்டுச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை. அவர் மீதிருந்த மதிப்பால் தண்டனை குறைக்கப்பட்டு, ஒரு சந்தையின் வருமானமும் அவருக்கு அளிக்கப்பட்டது. பின்னர் அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டினர். இந்தச் செய்தியை நம்மவர் பலர் மேற்கோள் காட்டாமல் தாண்டிவிடுவர். தாண்டக் கூடாது. விருந்தோம்பல் என்பது எல்லையற்ற கனிவு அல்ல. வந்தவன் காக்க வேண்டிய முறையும் உண்டு, அதை மீறினால் கொடிய தண்டனையும் உண்டு. அதற்குப் பின்பும் அவரைப் பட்டினி போடாத மனமும் அதே நாட்டில் இருந்தது.

மலையேறுவதற்கு அன்று இரு வழிகள். ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. ஆதமும் ஹவ்வாவும் என்று பொருள். மாமா வழி இலகுவானது. அதன் வழியே மட்டும் போய் வந்தவனின் யாத்திரையை யாத்திரையாகவே கொள்வதில்லை. இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறினர். கிழிர் குகையில் மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பது வழக்கம். இப்னு பதூதாவும் அப்படியே தங்கினார். இந்நாட்டவர் முஸ்லிம் பக்கீர்களை மதித்து, வீட்டில் தங்கவைத்து உணவும் கொடுக்கிறார்கள் என்று அவர் குறித்திருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாடகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அம்பலங்கள் அந்த மரபின் தொடர்ச்சி. கல் தூண், மரக்கூரை, பக்கச் சுவரில்லாத ஒரு மண்டபம், ஒரு பானைத் தண்ணீர். கேகாலையிலிருந்து கண்டிக்கு ஏறும் வழியில் கடுகண்ணாவை அம்பலத்தை இன்றும் காணலாம். பூட்டக் கதவே கிடையாது. மருமகனின் முதற் கேள்வி அங்கே செல்லாது.

பிரித்தானியர் வந்தபின் தங்குமிடத்துக்குத் தரம் வந்தது. எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியாக இருந்தபோது 1820களில் கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. 1828ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறும் அம்பேபுஸ்ஸ வாடிவீடு அந்த வீதியில்தான் இருக்கிறது. பின்னர் கேகாலை, கித்துல்கல என்று வாடிவீடுகள் எழுந்தன. இரத்தினபுரியில் நகரைப் பார்த்தபடி குன்றின் மேல் ஒன்று. அழகான கட்டடங்கள். அரச அலுவலில் வரும் உத்தியோகத்தருக்கு முதலிடம். காசுள்ள பயணிக்கு மிச்ச இடம். 1912இல் குறுகிய பாதை ரயில் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. 1970களில் அது மூடப்பட்டுவிட்டது.

அதே காலத்தில் இந்த மலைகளுக்கு ஆயிரமாயிரமாய் வேறு பயணிகளும் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர்கள். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் றப்பருக்கும் காடு வெட்டியவர்கள். வாடிவீடுகளில் இவர்களுக்கு இடமில்லை. நடந்த வழியில் மரத்தடியிலும் மடத்திலும் படுத்தார்கள். வந்து சேர்ந்த இடத்தில் லயத்துக் காம்பரா கிடைத்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஓரிரவுத் தங்கலுக்குக் கூடப் போதாத அறையில் நான்கு தலைமுறை தங்கியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாகப் பிரித்தது. வீட்டுக்காரன் என்ற பேர் அவர்களுக்கு இரு கரையிலும் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த முதல் தங்குமிடம் தப்தர் ஜெய்லானி. பலாங்கொடைக்கு அப்பால் கூரகல மலையில், முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) தவமிருந்ததாக நம் முன்னோர் நம்பிய குகைகள் இருக்கின்றன. 1922இல் அங்கே பள்ளிவாசல் எழுந்தது. கொடியேற்றிக் கந்தூரி நடக்கும் நாட்களில் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் சனம் வரும். உம்மும்மா பாய் ஒன்றும் கேத்தல் ஒன்றும் கட்டிக்கொள்வார். வேறு முன்னேற்பாடு கிடையாது. கிடைத்த கூரையின் கீழ் பாயை விரித்தால் அதுவே அறை. பக்கத்துப் பாயில் அக்கரைப்பற்றுக் குடும்பம், அடுத்த பாயில் தோட்டத்திலிருந்து நேர்த்திக்கடனுக்கு வந்த தமிழ்க் குடும்பம். கந்தூரிச் சோறு எல்லோருக்கும் ஒரே சட்டியிலிருந்து வரும். அந்தப் பாறைகளில் பௌத்தத் துறவியர் வாழ்ந்த குகைகளும் பிராமிக் கல்வெட்டுகளும் உண்டு. அதை மறுப்பது அறிவுமல்ல, அறமுமல்ல. நாமும் அங்கே முஸாபிர்களாகப் போனவர்கள்தாம்.

2013இல் தொல்லியற் பிரதேசம் என்ற காரணத்தின் பேரில் அங்கிருந்த பிற்காலக் கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. 2022இல் அரச வெசாக் விழா கூரகலையில் நடந்தது. புதிய தாதுகோபம் எழுந்திருக்கிறது. நம்மவர் மனம் புண்பட்டது. என் மனமும் புண்பட்டது. "நம்மைப் படுக்க விடாமல் பாயைச் சுருட்டிவிட்டார்கள்" என்று நண்பர் ஒருவர் சொன்னபோது நான் தலையாட்டினேன். அன்றிரவுதான் 1981 நினைவுக்கு வந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, றக்வானைப் பக்கங்களில் தோட்ட மக்கள் தாக்கப்பட்டார்கள். லயங்கள் எரிந்தன. எங்கள் கடை றப்பர் தோட்டமொன்றின் அடிவாரத்தில் இருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இருட்டியபின் ஒருவர், அவர் மனைவி, கிழவி ஒருத்தி, இரண்டு பிள்ளைகள் கடை முன் வந்து நின்றார்கள். பல வருடம் எங்கள் கடையில் சாமான் வாங்கியவர்கள்.

"மொதலாளி, இன்னிக்கு ராவு மட்டும்" என்றார் அந்த மனிதர்.

வாப்பா பலகைக் கதவை மாட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "இங்க எடமில்ல" என்றார்.

இடம் இருந்தது. பின்னால் அரிசி மூட்டை அடுக்கும் அறை பாதி காலி. வாப்பா கெட்டவரல்லர், பயந்தவர். கடையை எரித்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் பொய்யுமல்ல. உம்மாதான் குசினிப் பக்கத்துக் கதவைத் திறந்தார். "முஸாபிர வாசல்ல நிக்க வெக்கப்படாது" என்று மட்டும் சொன்னார். இரண்டு இரவுகள் அவர்கள் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார்கள். மறுநாள் காலையில் பாணும் பிளேன்டீயும் கொண்டுபோய் வைத்தவர் வாப்பாதான். மூன்றாம் நாள் லொறியொன்றில் வவுனியாப் பக்கம் போனார்கள். பிறகு கண்டதில்லை. வாப்பா மௌத்தாகும் வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இம்மலைகளில் நமது இருப்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் உரிமைப் பத்திரங்களையும் கல்வெட்டுகளையும்தான் தேடுகிறோம். தேடத்தான் வேண்டும், வழக்கு நம் மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. ஆனால் கிலிமலையின் மானியமும் ஷெய்கு உத்மானின் பள்ளியும் அம்பலத்தின் பானைத் தண்ணீரும் வேறொரு சாட்சியைச் சொல்கின்றன. இந்த மண்ணில் யார் முதலில் வந்தார் என்பதோடு, வந்தவனை யார் படுக்கவிட்டார் என்பதும் வரலாறுதான். அந்தக் கணக்கில் நமக்கு வரவும் உண்டு, பற்றும் உண்டு. பாயைச் சுருட்டியவர்களைக் கேள்வி கேட்கும் நாம், பலகைக் கதவை மாட்டிய கையையும் எழுதிவைக்க வேண்டும். குசினிக் கதவைத் திறந்த கையையும்.

நமது பள்ளிவாசல்களின் வெளித்திண்ணைகளில் யார் யார் படுத்தார்கள், எந்தத் தோட்டத்துக் கடைகளில் எந்த இரவுகளில் யார் ஒளிந்தார்கள் என்பதை அறிந்த மூத்தவர்கள் பலாங்கொடையிலும் மாவனல்லையிலும் எட்டியாந்தோட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத இளையவர்கள் முன்வர வேண்டும். காலம் அதிகமில்லை.

மருமகன் திரும்பி வந்துவிட்டான். கல் வியாபாரம் பரவாயில்லையாம். கதவு பூட்டியதாம், தண்ணீர் காலையில் மட்டும் வந்ததாம். முதல் நாள் நள்ளிரவு தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது அறை எதுவும் காலியில்லை. ஹோட்டல்காரக் கிழவர் தன் சொந்த வீட்டு விறாந்தையில் மெத்தை போட்டுக் கொடுத்து, குடும்பத்தார் சாப்பிட்ட ஒரே தட்டிலிருந்து சோறும் மீனும் பங்கிட்டாராம்.

"அதுக்குக் காசு எடுக்கல்ல மாமா" என்றான்.

நான் சொல்லத் தெரியாதிருந்த மூன்றாவது கேள்வி அதுதான்.