கடலோரத்தில் பிறந்து மலையேறிய ஆய்வுக்கூடம்

கலங்கரை விளக்கம் கடலுக்கு உரியது. ஆயினும் பழனி மலைத்தொடரில், அலையோசை எட்டாத 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோடைக்கானல் வான ஆய்வுக்கூடத்தின் வரலாறும் மரக்கலங்களின் தேவையிலிருந்தே தொடங்குகிறது. கரையைக் காட்டுதற்கு விளக்குப் போதும். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பதை அறியவோ, பிழையற்ற கடிகாரமும் துல்லியமாக அளந்தறிந்த துறைமுகமும் வேண்டும். சென்னை எழும்பூரில் 1786-ஆம் ஆண்டு வில்லியம் பெட்ரி தம் சொந்தச் செலவில் அமைத்த சிறு நோக்குக்கூடத்தைக் கிழக்கிந்தியக் கும்பினி ஏற்று வளர்த்ததற்கு விண்மீன்கள் மீதுற்ற காதல் காரணமன்று. கடல் வாணிகமே காரணம். சோழமண்டலக் கரையை அளந்த மைக்கேல் டாப்பிங்கின் மேற்பார்வையில் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டடம் எழுந்தது. அங்கு நாட்டப்பெற்ற கருங்கல் தூணில் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.

1802-இல் லாம்டன் தொடங்கிய நில அளவைக்கு இக்கூடத்தின் தீர்க்கரேகையே அடிப்படை. 1906-இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வரும்வரை இருப்புப்பாதைகளும் சென்னை நேரத்தையே பின்பற்றின.

இக்கூடத்தின் வரலாற்றை எழுதுவோர் தலைவர்களாயிருந்த ஆங்கிலேயரின் பெயர்களையே வரிசைப்படுத்துவது வழக்கம். இரவெல்லாம் கண்விழித்த உதவியாளர்களுள் பெயர் நிலைத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒருவரே எனலாம். 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டார். பழைய வாக்கியக் கணிதத்தை விடுத்துக் கண்ணாற் கண்ட நிலைக்கேற்பப் பஞ்சாங்கம் கணிக்க வேண்டும் என்று வாதாடினார். அவ்வாதம் தமிழ்நாட்டில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

மலையேறக் காரணமாயிற்று பஞ்சம். தாது வருடப் பஞ்சம் எனத் தமிழர் நினைவில் நிற்கும் 1876-78 ஆண்டுகளின் பெருந்துயருக்குப்பின், சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டோ என்னும் வினா அரசுக்குப் பெரிதாயிற்று. சூரியனைத் தெளிவாகக் காணக் கடற்கரைப் புழுக்கம் ஏற்றதன்று. சென்னை அரசின் வானியலாளர் மிச்சி சுமித்தின் முயற்சியால் கோடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்ட, 1899-இல் புதிய கூடம் இந்திய அரசின் பொறுப்பில் வந்தது. மலைக்கு மோட்டார் பாதை இல்லாத காலம் அது. அம்மையநாயக்கனூர் வரை புகைவண்டி, அப்பால் மாட்டுவண்டி, மலைச்சரிவில் மனிதத் தோள்கள். அத்தோள்களுக்கு உரியவர்களின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் தொடங்கியது. 1907-இல் வந்துசேர்ந்த ஜான் எவர்ஷெட், 1909 சனவரியில், சூரியப் புள்ளியின் அரைநிழற் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். இன்றும் அஃது எவர்ஷெட் விளைவு என்றே வழங்கும். அவர் துணைவி மேரியும் வானியலறிஞர்; தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலை ஆராய்ந்து 1913-இல் நூல் எழுதியவர். இத்தகைய இணை வாய்த்தது கோடைக்கானலின் பேறு.

மழையை முன்னறிவிக்கும் நம்பிக்கையோ கைகூடவில்லை. குறிஞ்சி பன்னிரண்டாண்டுக்கொருமுறை பூப்பதும், சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய பதினோராண்டுக்கொருமுறை பெருகுவதும் ஒரே மலையில் கண்ட காட்சிகள். இரண்டையும் முடிச்சிடும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் அதற்குச் சான்றில்லை.

தளர்ச்சி மெல்ல வந்தது. 1960-இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு, சுரங்கவழியே சூரிய ஒளியைச் செலுத்தும் பெரிய தொலைநோக்கியைப் பயன்படுத்திச் சிறந்த ஆய்வுகளை நிகழ்த்தினார். எனினும் இரவு வானுக்கு மேகமும் மூடுபனியும் தடையென உணர்ந்த அவரே சவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் அங்குப் பணி தொடங்கியது. 1971-இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. தலைமையிடம் பெங்களூருக்குப் பெயர்ந்தது. தாயகம் கிளையாயிற்று. பின்னர், படத்தகடும் படச்சுருளும் செய்தோர் அத்தொழிலைக் கைவிட்டமையால் கால்சிய ஒளிப் படப்பதிவும் 2007-இல் நின்றது.

எஞ்சியிருப்பது நூற்றாண்டுப் பதிவு. மேகம் மறைத்த நாட்கள் நீங்கலாக, போர்க்காலத்தும் ஆட்சி மாறிய காலத்தும் யாரோ ஒருவர் காலையில் எழுந்து எடுத்த படங்கள் அவை. ஒரே கருவியால் இத்துணை நெடுங்காலம் எடுக்கப்பட்ட தொகுதிகள் உலகில் மிகச் சிலவே. சூரியனின் நெடுங்கால மாற்றத்தை ஆராய்வோர், எண்முறைக்கு மாற்றப்பட்ட அத்தகடுகளை நாடுகின்றனர். 2023 செப்டம்பரில் ஆதித்யா எல்-1 விண்கலம் ஏந்திச் சென்ற ஒளிவட்ட நோக்கி, இக்கூடத்தின் வழிவந்த அந்நிறுவனத்தாராலேயே உருவாக்கப்பட்டது. மலைமேல் 2008-இல் நிறுவப்பெற்ற இரட்டைத் தொலைநோக்கி, பழைய தகடுகள் விட்ட இடத்திலிருந்து பதிவைத் தொடரலாயிற்று.