மேடைக்கு வந்த வாளி

ஆங்கில நாடகத்தில் சூனியக்காரிகள் என்றதும் ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நினைவுக்கு வருவது இயல்பே. பம்மல் சம்பந்த முதலியார் அதனை 'மகபதி' எனத் தமிழில் ஆக்கியமையால் அக்கிழவியர் மூவரும் சென்னை நாடக உலகிற்கும் அன்னியரல்லர். ஆயினும் அவர்கள் கற்பனை மாந்தர். சிறையில் உயிரோடிருந்த ஏழைப் பெண்களை, அவர்தம் சொந்தப் பெயராலேயே சூனியக்காரிகளாக மேடையேற்றிய நாடகமொன்றும் அந்நாட்டில் உண்டு.

லங்காஷயரில் எட்மண்ட் ராபின்சன் என்னும் பத்து வயதுச் சிறுவன் கூறிய கதையே இதற்கு மூலம். வேட்டை நாயொன்று தன் கண்ணெதிரே பெண்ணாக மாறியதாம். அவள் தன்னைக் குதிரையிலேற்றிச் சூனியக்காரிகளின் விருந்துக்குக் கொண்டு சென்றாளாம்! இதனை நம்பி 1634-இல் நடுவர் குழு பலரைக் குற்றவாளிகள் என்றது. ஐயுற்ற நீதிபதிகள் மன்னருக்கு எழுதினர்.

அவர்களுள் மேரி ஸ்பென்சர் இருபது வயதுப் பெண். மந்திரத்தால் வாளியைத் தன்னிடம் ஓடிவரச் செய்தாள் என்பது அவள்மீதான குற்றச்சாட்டு. சிறுமியாயிருந்தபோது வாளியை மேட்டிலிருந்து உருட்டிவிட்டு, அதற்கு முன்னே ஓடி, 'வா, வா' என விளையாட்டாய் அழைத்ததுண்டு என்றாள் அவள். நீதிமன்றத்தில் காற்றின் இரைச்சலும் கூட்டமும் மிகுந்திருந்தமையால் தனக்கெதிரான சாட்சியமே காதில் விழவில்லை என்றும் முறையிட்டாள்.

அவளுடன் மேலும் மூவர் லண்டனுக்குக் கொணரப்பட்டனர். இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியின் மேற்பார்வையில் மருத்துவரும் மருத்துவச்சியரும் அவர்களைச் சோதித்தனர். ஜூலையில் சிறுவன் உண்மையைக் கக்கினான்: மாடுகளை ஓட்டிவரத் தவறியதால் அடிக்குப் பயந்து, கேள்விப்பட்ட பழங்கதைகளைக் கொண்டு புனைந்ததாம்.

அடுத்த மாதமே, ஹேவுட், புரூம் என்னும் இருவர் எழுதிய 'லங்காஷயர் சூனியக்காரிகள்' நாடகம் குளோப் அரங்கில் நடந்தது. சிறுவனின் பொய் அங்கே மெய்யாகவே நடித்துக் காட்டப்பட்டது. ஸ்பென்சர் என்னும் பெயருடையாள் அழைக்க, வாளி மேடையில் தானே நகர்ந்தது. கூட்டம் மிகுந்ததால் மூன்று நாள் தொடர்ந்து ஆடினர். வெறும் நகைச்சுவைதானே என்பாருண்டு. பிறர் உயிர் ஊசலாடும்போது எழும் சிரிப்பை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலவில்லை.

1636 ஆகஸ்டில் எழுதப்பட்ட லங்காஸ்டர்ச் சிறைக் கைதிகளின் பட்டியலில் மேரி ஸ்பென்சரின் பெயர் இன்னும் இருந்தது.