மதியம் இரண்டு மணி டாக்டர்

சென்ற வாரம் பார்த்த ஜெர்மானிய ஆண் நர்ஸ் நீல்ஸ் ஹோகலின் மனசைப் படிப்பது ஓரளவு சுலபம். ஊசி போட்டு நோயாளியின் இதயத்தை நிறுத்துவான். பிறகு தானே ஓடிவந்து நெஞ்சை அழுத்தி மீட்பான். பிழைத்தால் பாராட்டு. பிழைக்காவிட்டால் இன்னொரு படுக்கை. 2019-ல் 85 கொலைகளுக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது, ‘கைதட்டலுக்கு ஏங்கியவன்’ என்று ஒரு வரியில் எழுத முடிந்தது. இந்த வார ஆசாமி அப்படிப் பிடிகொடுப்பவர் அல்ல.

இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டி ஹைட் என்றொரு சிறு நகரம். 1977 முதல் அங்கே வைத்தியம் பார்த்தவர் ஹரால்ட் ஷிப்மன். தாடி, கண்ணாடி, கைராசிக்காரர் என்ற பெயர். 1990-களில் மார்க்கெட் தெருவில் தனி கிளினிக் போட்டபோது 3,000-க்கும் மேற்பட்டோர் அவரிடம் பதிவு செய்திருந்தார்கள். கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார். சில சமயம் கூப்பிடாமலும் வருவார். தனியாக வாழும் வயதான பெண்களுக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் உறுத்தியது, ஊரில் சவ அடக்க ஏற்பாடுகளைக் கவனிக்கும் குடும்பத்துக்கு. சாவு வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் படுக்கையில் கிடக்கும் உடலைத்தான் பார்ப்பார்கள். ஷிப்மனின் நோயாளிகளோ வெளியே கிளம்பத் தயாரானவர்கள்போல நன்றாக உடுத்தி, நாற்காலியில் சாய்ந்தபடி இறந்திருந்தார்கள். பின்னாளில் இறப்பு நேரங்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள். மற்ற டாக்டர்களின் நோயாளிகள் இரவு பகல் பாராமல் இறந்திருக்க, ஷிப்மனின் நோயாளிகள் மதியம் இரண்டு மணியையொட்டிக் குவிந்திருந்தார்கள். அது அவர் வீடு வீடாகப் போகும் நேரம்.

அன்று தகனத்துக்கு இன்னொரு டாக்டரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. ஷிப்மனின் படிவங்கள் போனது பக்கத்து கிளினிக்குக்கு. அங்கிருந்த டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ் கணக்குப் பார்த்தார். தங்களிடம் மும்மடங்கு நோயாளிகள். சாவு மட்டும் ஷிப்மனிடம் அதிகம். 1998 மார்ச்சில் விஷயத்தை, மர்மச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரியிடம் கொண்டுபோனார். போலீஸ் வந்தது, சில வாரங்களில் ஒன்றுமில்லை என்று கோப்பை மூடியது. ஷிப்மன் மீது பழைய வழக்கு ஏதும் உண்டா என்றுகூடப் பார்க்கவில்லை. உண்டு. டாட்மார்டன் என்ற ஊரில் பெத்திடின் என்ற வலிநிவாரணி ஊசிக்கு அடிமையாகி, மருந்துச் சீட்டில் தில்லுமுல்லு செய்து 1976-ல் 600 பவுண்ட் அபராதம் கட்டியவர் அவர். மருத்துவக் கவுன்சில் எச்சரித்துக் கடிதம் அனுப்பியதோடு சரி.

கோப்பு மூடிய பிறகு மேலும் மூவர் செத்தார்கள். கடைசி ஆள், 81 வயது கேத்லீன் கிரண்டி. அவருடைய 3,86,000 பவுண்ட் சொத்தும் டாக்டருக்கே என்று ஓர் உயில் கிளம்பியது. அசட்டுத்தனமான டைப்பிங். கிரண்டியின் மகளோ வழக்கறிஞர். அசல் உயில் பல வருடங்களாக அவர் கையில். உடலைத் தோண்டி எடுத்தார்கள், மார்ஃபின் இருந்தது. உயிலை அடித்த டைப்ரைட்டர் கிளினிக்கிலேயே கிடைத்தது. அந்த அம்மா அவ்வப்போது இரவல் வாங்குவார் என்றார் ஷிப்மன். வேறு சிலர் இறந்த பிறகு, பழைய தேதி போட்டு அவர்களுக்கு நெஞ்சுவலி இருந்ததாகக் கணினியில் எழுதிவைத்திருந்தார். எந்த நிமிடத்தில் அடிக்கப்பட்டது என்பதைக் கணினி தன் பங்குக்குப் பதிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. 2000 ஜனவரி 31 அன்று பிரஸ்டன் நீதிமன்றத்தில் 15 கொலைகள் நிரூபணமாயின. நீதிபதி ஜேனட் ஸ்மித்தின் விசாரணை ஆணையம் 2002-ல் சொன்ன எண்ணிக்கை 215. அதில் 171 பேர் பெண்கள்.

ஏன் செய்தார்? எல்லோரும் முதலில் எடுப்பது அம்மா கதையை. ஷிப்மனுக்கு 17 வயதானபோது தாய் வேரா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வலியில் துடித்தவருக்கு வீட்டுக்கு வந்த டாக்டர் மார்ஃபின் போடுவதை மகன் பார்த்திருக்கிறான். அந்தக் காட்சியைத்தான் ஆயுள் முழுக்க நடித்துக் காட்டினார் என்கிறார்கள். கதையாக அழகுதான், எனக்கு இது ஒட்டவில்லை. தாயைப் புற்றுநோயில் பறிகொடுத்த பிள்ளைகள் ஊரெல்லாம் உண்டு. ஷிப்மன் கொன்றவர்களில் பலர் வலியில் துடிக்கவும் இல்லை. அன்று காலை கடைக்குப் போய் வந்தவர்கள். கருணைக்கொலை என்ற பேச்சு இதிலேயே அடிபட்டுப் போகிறது. பணத்தாசையும் நிற்காது, உயில் என்று வந்தது ஒன்றே ஒன்று. ஜேனட் ஸ்மித் வேறொரு கோணத்தில் பார்த்தார்: பெத்திடினுக்கு அடிமையான மனிதர், பிறகு கொலைக்கே அடிமையாகியிருக்கலாம். ஆனால் அவரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஷிப்மன் வாயே திறக்கவில்லை. 2004 ஜனவரி 13 அன்று வேக்ஃபீல்ட் சிறையில் தூக்கில் தொங்கினார்.

எப்படிச் செய்ய முடிந்தது என்பதற்குப் பதில் இருக்கிறது. அவர் ஊசியில் போட்டது டயாமார்ஃபின் என்ற மார்ஃபின் வகை மருந்து. அதை வைத்திருக்கும் டாக்டர் பதிவேடு வைக்க வேண்டும். ஷிப்மனோ அப்படிப்பட்ட மருந்தே தன்னிடம் கிடையாது என்று சொல்லிவிட்டார். மருந்தே இல்லாதவரிடம் பதிவேட்டை யார் கேட்பது? புற்றுநோயாளி இறந்ததும் வீட்டில் மிஞ்சிய ஊசி மருந்தை எடுத்துப்போய்ச் சேர்த்துவைத்தார். கொன்றவரே சாவுச் சான்றிதழும் எழுதினார். முதுமை, மாரடைப்பு, பக்கவாதம். குடும்பத்தார் நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

சிகிச்சை தந்த டாக்டரின் சொல்லை மட்டும் நம்பிச் சான்றிதழ் தரும் முறையை மாற்றச் சொல்லி ஜேனட் ஸ்மித் அறிக்கை கொடுத்தது 2003-ல். நாடாளுமன்றம் 2009-ல் சட்டம் போட்டது. ஒவ்வொரு சாவையும் சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரோ, விசாரணை அதிகாரியோ பரிசீலித்தே ஆக வேண்டும் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டாயமானது 2024 செப்டம்பரில்.

(தொடரும்)