ரயில் தின்னது போக மிச்சம்

லண்டன்ல தேம்ஸுக்குத் தெற்கே, சதர்க் பகுதியில 'தி ஜார்ஜ்'னு ஒரு பழைய பப் இருக்கு. 1676-ல அந்த வட்டாரமே தீப்பிடிச்சு எரிஞ்சப்போ இதுவும் சாம்பலாச்சு. அடுத்த வருஷமே திரும்பக் கட்டிட்டாங்க.

அமைப்பு ரொம்ப எளிமை. நடுவுல முற்றம், அதைச் சுத்திக் கட்டிடம், மாடியில மரத்தூண் வச்ச திறந்த தாழ்வாரம். குதிரை வண்டி நேரா முற்றத்துக்குள்ள வந்து நிக்கும். பயணிகள் இறங்கி, தாழ்வாரம் வழியா அறைக்குப் போவாங்க. வண்டிகளை நம்பித்தான் விடுதி பிழைச்சது.

அப்புறம் ரயில் வந்துச்சே! கட்டிடம் கிரேட் நார்தர்ன் ரயில்வே கைக்குப் போய் சரக்குக் கிடங்காச்சு. 1889-ல ரெண்டு பக்கத்தை இடிச்சாங்க. மிஞ்சினது தெற்குப் பக்கம் மட்டும்தான்.

பக்கத்துல இருந்த 'டபார்ட்' விடுதிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. சாசரின் கான்டர்பரி கதைகள்ல யாத்திரிகர்கள் கிளம்பின இடம்னு அவ்வளவு பேர் அதுக்கு. 19-ம் நூற்றாண்டுல அதையும் தரைமட்டமாக்கிட்டாங்க. பேரும் புகழும் கட்டிடத்தைக் காப்பாத்தாது போல.

1937-ல, இடிச்ச கம்பெனியோட வாரிசான ரயில்வேயே ஜார்ஜை நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்துச்சு. லண்டன்ல தாழ்வாரத்தோட தப்பிப் பிழைச்ச ஒரே வண்டி விடுதி இதுதாங்க. எப்பவாவது போனா, நிக்கிற பக்கத்தோட இல்லாத பக்கங்களையும் கொஞ்சம் பாருங்க.